சேற்றுப்புண்ணுக்கு எந்த க்ரீம் வாங்குவது?

"அண்ணே, கால் விரல் இடுக்குல அரிப்பு தாங்க முடியல. நல்லதா ஒரு க்ரீம் குடுங்க!"

மருந்துக்கடை வாசலில், அதுவும் மழைக்காலத்தில், அடிக்கடி கேட்கிற குரல் இது. கடைக்காரர் காலைப் பார்ப்பதில்லை. கைக்கு எட்டிய டியூப் ஒன்றை எடுத்து நீட்டுவார். வாங்குகிறவரும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதில்லை. வீட்டுக்குப் போய்ப் பூசினால் மூன்றே நாளில் அரிப்பு போய்விடுகிறது. "அடேயப்பா, என்ன மருந்துடா!" என்று டியூபை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அடுத்த மாதமே அதே அரிப்பு, அதே இடுக்கு. போதாக்குறைக்குப் பக்கத்து இடுக்கிலும் தோல் வெளுத்துப் போயிருக்கும்.

தப்பு எங்கே நடந்தது? இரண்டு இடத்தில். ஒன்று, டியூபுக்குள் என்னென்ன மருந்து இருக்கிறது என்று பார்க்கவில்லை. இன்னொன்று, எத்தனை நாள் பூச வேண்டும் என்று கேட்கவில்லை. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், காலும் மிச்சம்.

சேறே மிதிக்காதவருக்கும் சேற்றுப்புண்!

வயலில் நாற்று நடுகிறவர்களின் காலில் வருவதால் 'சேற்றுப்புண்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் இப்போது சேற்றையே பார்க்காதவர்களுக்கும் இது சகஜமாக வருகிறது. நாள் முழுக்க ஷூ, சாக்ஸ் போடுகிற ஆபீஸ்காரர்கள், போலீஸ்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் ஒரு பக்கம். பாத்திரம் கழுவி, துணி துவைத்து, ஈரத் தரையிலேயே நின்று வேலை பார்க்கிற இல்லத்தரசிகள் இன்னொரு பக்கம். ஈரமும் வெப்பமும் காற்றோட்டமில்லாத இடமும் சேர்ந்தால் போதும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். பாதத்தில் கடைசி இரண்டு விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டியே இருப்பதால், அநேகமாக அந்த இடுக்கில்தான் முதலில் ஆரம்பிக்கும்.

இந்தப் பூஞ்சைகள் நம் தோலின் மேலடுக்கில் உள்ள 'கெரட்டின்' என்ற புரதத்தைத் தின்று வாழ்பவை. 'ட்ரைக்கோஃபைட்டான்' என்ற இனத்தைச் சேர்ந்தவைதான் இதில் முக்கியமானவை. பாதத்தில் இவை மூன்று விதமாகத் தலைகாட்டும்.

1. விரல் இடுக்கு வகை: தோல் வெளுத்து, ஊறி, உரிந்து, வெடிக்கும். அரிப்பும் நாற்றமும் இருக்கும். அதிகம் பேருக்கு வருவது இதுதான்.

2. உள்ளங்கால் வகை: பாதத்தின் அடியிலும் ஓரங்களிலும் தோல் தடித்து, வறண்டு, மாவு மாதிரி உதிரும். பல பேர் இதைப் 'பித்தவெடிப்பு' என்று நினைத்து வருஷக்கணக்கில் வாசலின் தடவிக்கொண்டிருப்பார்கள்.

3. கொப்புள வகை: பாதத்தின் உள்வளைவில் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள் வரும். அரிப்பு கடுமையாக இருக்கும்.

எந்த வகை என்று தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் மருந்து, அது க்ரீமா லோஷனா என்பது, எத்தனை நாள் பூசுவது... எல்லாமே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

அலமாரியில் என்னென்ன இருக்கிறது?

கடையில் ஆயிரம் பிராண்டு இருக்கலாம். அட்டைப்பெட்டியின் படத்தையும் பளபளப்பையும் விட்டுவிடுங்கள். பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் மூலப்பெயர் இருக்கும். அதைத்தான் படிக்க வேண்டும். கண்ணாடி போட்டாவது படியுங்கள்!

* அசோல் குடும்பம்: க்ளோட்ரிமசோல் 1%, மைக்கோனசோல் 2%, கீட்டோகோனசோல் 2% ஆகியவை இதில் பழைய ஆட்கள். பூஞ்சையின் செல் சுவருக்கு உள்ளே இருக்கும் சவ்வுக்கு 'எர்கோஸ்டெரால்' என்ற கொழுப்பு தேவை. அதைத் தயாரிக்க விடாமல் இந்த மருந்துகள் தடுக்கின்றன. பூஞ்சையின் வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் உடனே சாகாது. தோல் உரிந்து புதுத் தோல் வரும்போதுதான் அதுவும் சேர்ந்து வெளியேறும். அதனால்தான் இவற்றை ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சுமார் 4 வாரம் பூசச் சொல்கிறார்கள். விலை குறைவு. கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைக் கிருமிக்கும் வேலை செய்யும் என்பது கூடுதல் லாபம். எந்நேரமும் ஈரத்தில் நிற்பவர்களின் விரல் இடுக்கில் அந்தக் கிருமியும் சேர்ந்திருப்பது உண்டு.

* லூலிகோனசோல் 1%: இதுவும் அசோல் குடும்பம்தான், கொஞ்சம் புது வரவு. விரல் இடுக்குப் படைக்கு ஒரு நாளைக்கு ஒரே வேளை, 2 வாரம். இரண்டு வேளை பூச நேரமில்லாதவர்களுக்குச் சௌகரியம்.

* டெர்பினஃபைன் 1%: 1990-களில் புழக்கத்துக்கு வந்தது. அதே எர்கோஸ்டெரால் தயாரிப்பை இது இன்னும் முந்தைய கட்டத்திலேயே மடக்கிவிடும். அதோடு 'ஸ்குவாலீன்' என்ற பொருள் பூஞ்சைக்குள்ளேயே தேங்கி அதைக் கொன்றும் விடும். பூசுவதை நிறுத்திய பிறகும் சில நாட்கள் மருந்து தோலில் தங்கியிருக்கும். விரல் இடுக்குக்கு 1 முதல் 2 வாரம் என்பது வழக்கமான கணக்கு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வறிக்கை, பாதப் படையைக் குணப்படுத்துவதில் டெர்பினஃபைன் குடும்பம் அசோல்களைவிடச் சற்று மேல் என்றது. 'சற்று' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அசோல் மட்டம் என்று அர்த்தமில்லை. ஒழுங்காக 4 வாரம் பூசினால் அதுவும் நன்றாகவே கேட்கும்.

* விட்ஃபீல்ட் களிம்பு: நம் தாத்தா காலத்து மருந்து. லண்டன் தோல் மருத்துவர் ஆர்தர் விட்ஃபீல்டின் பெயரால் வழங்குகிறது. பென்சாயிக் அமிலம் 6%, சாலிசிலிக் அமிலம் 3%. தடித்த தோலை உரித்து எடுக்கும். உள்ளங்கால் வகைக்கு இன்றும் சில டாக்டர்கள் எழுதுவதுண்டு. ஆனால் விரல் இடுக்கில் வெடிப்போ புண்ணோ இருக்கும்போது போட்டால் எரிச்சலில் துள்ளிக் குதிப்பீர்கள்!

ஆக, விரல் இடுக்கில் சாதாரண அரிப்பும் உரிதலும் மட்டும்தான் என்றால், டெர்பினஃபைன், லூலிகோனசோல், க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல் இவற்றில் ஏதாவது ஒன்று, அந்த ஒரே ஒரு மருந்து மட்டும் உள்ள டியூபாகப் பார்த்து வாங்குங்கள். 'ஒரே மருந்து' என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மூன்று நாள் மாயம்!

கடையில் எளிதாகக் கிடைக்கிற பல டியூபுகளில் மூன்று, நான்கு மருந்துகளைக் கலந்திருக்கிறார்கள். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஒரு ஸ்டீராய்டு. "எல்லாத்துக்கும் கேக்குங்க" என்று சொல்லிக் கொடுப்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது என்ன?

அரிப்பு, சிவப்பு, வீக்கம் எல்லாம் பூஞ்சையை எதிர்த்து உங்கள் உடம்பு நடத்துகிற சண்டையின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். அரிப்பு போய்விடும். பூஞ்சை மட்டும் அங்கேயே இருக்கும், எதிர்ப்பு இல்லாததால் சௌகரியமாகப் பரவும். மருந்தை நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகத் தலைதூக்கும். மறுபடி அதே டியூப்... இப்படியே மாதக்கணக்கில் ஓடும். படையின் வட்ட விளிம்பு அழிந்து, உருவம் மாறி, கடைசியில் டாக்டரே பார்த்ததும் அடையாளம் சொல்லத் திணறுகிற நிலைமை வந்துவிடும். அதே க்ரீமைத் தொடை இடுக்கிலும் தடவினால் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போலக் கோடு கோடாக விழும். அந்தக் கோடுகள் முழுசாக மறைவதே இல்லை.

இந்தியாவில் இந்தத் தொல்லை எவ்வளவு பெருகியது என்றால், தோல் மருத்துவர்கள் சங்கம் தொடர்ந்து குரல் கொடுத்து, 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு மேல்பூச்சுகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தாலும், சீட்டு கேட்காமல் கொடுக்கிற கடைகள் இருக்கத்தானே செய்கின்றன? அதனால் நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

டியூபில் இந்தப் பெயர்கள் இருந்தால், டாக்டர் எழுதித் தராமல் வாங்காதீர்கள்: க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன்.

பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. 'க்ளோட்ரிமசோல்' பூஞ்சை மருந்து. 'க்ளோபெட்டசால்' கடுமையான ஸ்டீராய்டு. இரண்டும் 'க்ளோ'வில்தான் ஆரம்பிக்கிறது! அவசரத்தில் ஒன்றை இன்னொன்றாகப் படித்துவிட வாய்ப்புண்டு. இன்னொன்று, கலவை க்ரீம்களில் இருக்கும் 'ஆர்னிடசோல்' என்பதும் 'சோல்' என்றுதான் முடிகிறது. அது பூஞ்சை மருந்தே கிடையாது.

"டாக்டரே எனக்கு ஸ்டீராய்டு கலந்ததைக் கொடுத்தாரே?" என்று கேட்கலாம். கடுமையான வீக்கம் இருந்தால் சில நாட்களுக்கு மட்டும் அளவு பார்த்துக் கொடுப்பதுண்டு. அவர் சொன்ன நாளோடு நிறுத்திவிடுங்கள். அந்தப் பழைய சீட்டை வைத்து அடுத்த வருஷமும் வாங்குவதுதான் வம்பு.

க்ரீமா, லோஷனா, பவுடரா?

மருந்து சரியாக இருந்தாலும், அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

* இடுக்கு ஊறி, நசநசவென்று இருந்தால் லோஷன், சொல்யூஷன் அல்லது லேசான க்ரீம். பிசுபிசுப்பான களிம்பு வேண்டாம். ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துவிடும்.

* தோல் வறண்டு, தடித்து உதிர்ந்தால் க்ரீம் அல்லது களிம்பு.

* பவுடர் தடுப்புக்கு உதவும். சாக்ஸுக்குள்ளும் ஷூவுக்குள்ளும் தூவலாம். ஆனால் வந்துவிட்ட படைக்குப் பவுடரை மட்டும் நம்ப வேண்டாம். ஈர இடுக்கில் அள்ளிக் கொட்டினால் மாவு பிசைந்த மாதிரி கட்டிதட்டி நிற்கும்.

பூசுவதற்கும் முறை உண்டு

காலைக் கழுவி, விரல் விரலாகப் பிரித்து, தனித் துண்டால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஐந்து நிமிஷம் காற்றாட விடுங்கள். பிறகு மெல்லிய பூச்சாக, வெளுத்த இடத்தோடு நிறுத்தாமல் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் அளவு நல்ல தோலிலும் சேர்த்துப் பூசுங்கள். ஒரு இடுக்கில்தான் தெரிகிறது என்றாலும் எல்லா இடுக்கிலும் தடவுங்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

அளவு எவ்வளவு? ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். ஒரு பாதம் முழுக்கப் பூச இப்படி இரண்டு அளவு, அதாவது ஒரு கிராம் வேண்டும். உள்ளங்கால் வகை இரண்டு காலிலும் இருந்தால், இரண்டு வேளைக்கு ஒரு நாளைக்கு 4 கிராம். 15 கிராம் டியூப் நாலு நாளுக்குக்கூட வராது! "ஒரு டியூப் போட்டேன், கேக்கவே இல்லை" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவும். விரல் இடுக்குக்கு மட்டும் என்றால் கொஞ்சமாகவே போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நாள் கணக்கு. அரிப்பு நின்றதும் நிறுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை தோலுக்குள் பாக்கி இருக்கும். காலண்டரில் ஆரம்பித்த தேதியையும் முடிக்க வேண்டிய தேதியையும் வட்டம் போட்டு வையுங்கள். அசோல் க்ரீம் என்றால், தோல் சுத்தமானது போலத் தெரிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர்வது நல்லது.

மஞ்சள், மருதாணி, மண்ணெண்ணெய்...

"எங்க பாட்டி மருதாணி அரைச்சு வெச்சே சரி பண்ணிடுவாங்க!" உண்மையாகவும் இருக்கலாம். மருதாணியிலும் மஞ்சளிலும் வேப்பெண்ணெயிலும் பூஞ்சையை எதிர்க்கும் சக்தி இருப்பது பரிசோதனைக் கூடத்தில் தெரிந்திருக்கிறது. ஆனால் காலில் எவ்வளவு, எத்தனை நாள் வைத்தால் தீரும் என்பதற்கு உறுதியான கணக்கு இல்லை. ஈர மருதாணியை இரவெல்லாம் இடுக்கில் வைத்திருப்பதும், எண்ணெய் விட்டு ஊற வைப்பதும் அந்த இடத்தை இன்னும் நசநசப்பாக்கும். லேசான ஆரம்பத்தில் முயற்சி செய்து ஒரு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் மருந்துக்கு மாறிவிடுங்கள். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, தரை கழுவும் ஃபினாயில் இவை மட்டும் கூடவே கூடாது. தோல் வெந்துவிடும்.

நீர் கசிகிற புண்ணுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் கால் வைக்கச் சொல்வார்கள் டாக்டர்கள். வெளிறிய ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தால் அது அதிகம், தோலைப் பொசுக்கும்.

இவர்கள் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போக வேண்டும்

* சர்க்கரை நோயாளிகள்: விரல் இடுக்கு வெடிப்பு, பாக்டீரியாவுக்குத் திறந்துவிட்ட கதவு. காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வலியும் தெரியாது. சின்ன வெடிப்பில் நுழைந்த கிருமி பாதம் முழுக்கச் சீழ் பிடிக்க வைத்து, விரலை எடுக்கிற அளவுக்குப் போவதுண்டு. தினமும் ராத்திரி படுக்கும் முன் விரல் இடுக்கைப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்த்துச் சொல்லலாம். அம்மா, அப்பா காலைப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும்.

* யானைக்கால் வீக்கம் உள்ளவர்கள்: குளிர் காய்ச்சலோடு கால் சிவந்து வீங்குகிற 'நெறிகட்டு' அடிக்கடி வருவதற்கு விரல் இடுக்குப் புண் ஒரு முக்கியமான வழி. ஒவ்வொரு தடவை வந்து போகும்போதும் வீக்கம் கொஞ்சம் கூடிவிடும். இவர்களுக்குச் சேற்றுப்புண் வைத்தியமே பாதி யானைக்கால் வைத்தியம் மாதிரி.

* பாதம் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே போக வேண்டும்.

* நகம் மஞ்சளாகித் தடித்திருந்தால் க்ரீம் உள்ளே போகாது. பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும். நகத்தில் பூஞ்சை இருக்கும்வரை விரல் இடுக்கில் திரும்பத் திரும்ப வரும்.

* கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தானாக வாங்காமல் கேட்டுக்கொண்டு பூசுவது நல்லது. சின்னக் குழந்தைகளுக்கு இந்தப் படை வருவது குறைவு. அவர்கள் பாதத்தில் தோல் உரிந்தால் கரப்பானாகவோ செருப்பு ஒவ்வாமையாகவோ இருக்கலாம்.

* முறையாக 4 வாரம் பூசியும் குறையாதவர்கள். ஒருவேளை அது பூஞ்சையே இல்லாமல் இருக்கலாம். பாக்டீரியா, சோரியாசிஸ், ரப்பர் செருப்பு அலர்ஜி எல்லாமே இதே வேஷத்தில் வரும். தோலைக் கொஞ்சம் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். சுலபமான, வலியில்லாத பரிசோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் செய்துகொள்ளலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. டெர்பினஃபைனுக்கு அடங்காத பூஞ்சைகள் இந்தியாவில் பரவியிருக்கின்றன. அதில் ஒன்றுக்கு 2020-ல் 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே' என்று நம் நாட்டின் பெயரையே சேர்த்து வைத்துவிட்டார்கள்! இது உடம்பிலும் தொடை இடுக்கிலும்தான் அதிகம் வருகிறது. பாதத்தோடு அங்கேயும் வட்டப் படை இருந்தால் சுய வைத்தியம் வேண்டாம்.

திரும்ப வராமலிருக்க...

* ஒரே ஷூவைத் தினமும் போடாதீர்கள். இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று காயும்போது இன்னொன்று. முடியாவிட்டால் வீட்டுக்கு வந்ததும் ஷூவின் வாயை அகலத் திறந்து வெயில் படுகிற இடத்தில் வையுங்கள்.

* பருத்தி சாக்ஸ், தினம் ஒன்று. வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வைப்பது நல்லது.

* காலில் படை இருக்கும்வரை, உடுத்தும்போது முதலில் சாக்ஸ், அப்புறம் உள்ளாடை. சிரிப்பாக இருக்கிறதா? ஜட்டியைக் கால் வழியாக ஏற்றும்போதுதான் பூஞ்சை பாதத்திலிருந்து தொடை இடுக்குக்குச் சவாரி போகிறது!

* துண்டு, செருப்பு, மிதியடி அவரவருக்குத் தனி. வீட்டில் இரண்டு பேருக்கு அரிப்பு இருந்தால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மருந்து போட வேண்டும். ஒருத்தர் மட்டும் போட்டால் அது மாறி மாறி வந்துகொண்டேயிருக்கும்.

* ஈரத்தில் வேலை செய்கிறவர்கள் வேலை முடிந்ததும் புடவைத் தலைப்பில் ஒப்புக்குத் துடைக்காமல், விரல் இடுக்கையும் உலர்ந்த துணியால் துடைக்கவும். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் ஒரு துண்டும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் வாங்கிக் கொடுங்களேன். நாள் முழுக்க நாலு வீட்டு ஈரத்தில் நிற்கிற கால் அது.

கடைக்குப் போகும்போது பிராண்டு பெயர் கேட்காதீர்கள். "டெர்பினஃபைன் க்ரீம் குடுங்க, ஸ்டீராய்டு கலக்காதது" என்று கேளுங்கள். அல்லது க்ளோட்ரிமசோல் என்று கேளுங்கள். மக்கள் மருந்தகங்களில் இதே மூலப்பெயரில் குறைந்த விலைக்குத் தேடலாம். டியூபைக் கையில் வாங்கியதும் பணம் கொடுக்கும் முன் சின்ன எழுத்தைப் படித்துவிடுங்கள். பழைய கலவை டியூப் ஏதாவது அலமாரியில் பாதி மீதி இருந்தால், அடுத்த தடவைக்கு ஆகட்டும் என்று வைத்திருக்காமல் இன்றைக்கே அப்புறப்படுத்திவிடுங்கள்.